புஷ்பம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்

உள்ள வா இசக்கி. படியில நின்னு அழுதா தெருவுக்குத்தான் கேக்கும், வாடகை வாங்குற வீட்டுக்காரருக்கா கேக்கப் போவுது? பிள்ளையைக் கட்டில்ல போடு. உருண்டுராம பக்கத்துல தலகாணியை அணை குடு. ஆங், அப்படித்தான். நான் இப்பத்தான் கோயில்ல இருந்து வந்தேன், சேலைகூட மாத்தல. இரு, கட்டங்காப்பி போடுதேன்.

நோட்டீஸ்தானே? எனக்கும்தான் வந்திருக்கு. அந்தா, வேதப்புத்தகத்துக்கு அடியில வச்சிருக்கேன் பாரு. நேத்து தபால்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு மாசத்துக்குள்ள காலி பண்ணணுமாம். உனக்குக் கீழ் வீடு, எனக்கு மாடி வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். சட்டி பானையோட தெருவுல நிக்கணும்னா ரெண்டு பேரும் சேர்ந்தே நிப்போம். அழாத.

என்னது, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறியா? இலவச சட்ட உதவிக்கா? நல்ல காரியம். போ. ஆனா அவ்வளவு ஜனத்துக்குள்ள கைப்பிள்ளையோட நீ தனியா... ஓ, கூட ஆள் வருதா? யாரு?

யாரு?

எந்தப் புஷ்பம்? சமாதானபுரத்து மாவு புஷ்பமா? சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்குமே, அவளா?

ம். அவதான் வீட்டுக்காரங்க தொல்லைன்னு வர்றவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போறாளா. ‘புஷ்பக்கா, புஷ்பக்கா’ன்னு பாளையங்கோட்டையே கூப்பிடுதாக்கும். நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு.

இல்ல, ஒண்ணும் இல்ல. காப்பி பொங்கிட்டு. நீ குடி.

நீ இந்த வீட்டுக்கு வந்து ஆறேழு மாசம்தானே ஆகுது, உனக்கு என் கதை தெரியாது. நான் இதுக்கு முன்னால சமாதானபுரத்துல இருந்தேன். ரெஜினா டீச்சர் வீட்டு வளவுல. முன்னால டீச்சர் வீடு, பின்னால ரெண்டு குடித்தனம். அதுல ஒண்ணு என் வீடு. என் வீடுன்னா வாடகை வீடுதான், ஆனா என் ரெண்டு பிள்ளைகளும் அதுலதான் தவழ்ந்துச்சு, அவங்க அப்பா அதுலதான் கண்ணை மூடினாவ. மகளுக்கு அந்த முற்றத்துலதான் பந்தல் போட்டோம். டீச்சர் என்னைக் குடித்தனக்காரியா நினைச்சதே இல்ல. சாயங்காலம் விளக்குப் போட்டதும் ‘பாக்கியசீலி’ன்னு கூப்பிடுவாவ. நான் போய் அவங்க பக்கத்துல பிரம்பு நாற்காலியில உக்காருவேன். ஒரு பாட்டு, வேதத்துல ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். மழை, வெயில், காய்ச்சல், எதுக்கும் அது நின்னதில்ல.

இந்தப் புஷ்பம் எப்ப வந்தா தெரியுமா? நேத்து. நேத்துன்னா, நாலஞ்சு வருஷம் முன்னால. நான் இருந்த காலத்தைக் கணக்குப் பாத்தா அது நேத்துதானே? பக்கத்து வீடு காலியா இருந்துச்சு. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுதான், இவ இட்லி மாவு அரைச்சு விக்கா. வந்த மறுநாளே கிரைண்டரை ஓட விட்டுட்டா. நான் முழங்கால் போட்டா அங்க கடகடங்கும். ஆண்டவர் காதுல என் ஜெபம் விழுந்துச்சோ, அவ மாவு விழுந்துச்சோ!

பின்பக்கம் ஒரு குழாய் உண்டு. எத்தனை வருஷமா நான் புழங்கின குழாய். ‘புஷ்பத்துக்கு அரிசி கழுவ வசதியா இருக்கும், நீ முன்பக்கம் பிடிச்சுக்கோயேன்’னாவ டீச்சர். சரி டீச்சர்னுட்டேன். நான் எதுக்கும் மல்லுக்கு நிக்கிற ஆள் இல்ல. அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல மட்டும் அந்தக் குழாயைப் பத்தி ஆண்டவர்கிட்ட ரெண்டு வார்த்தை சொன்னேன்.

பொறாமைன்னு நினைச்சுராத. எனக்கு அந்தக் குணமே கிடையாது. என் மகன்கூடச் சொல்லுவான், ‘எம்மா, நீ ஒரு வெள்ளந்தி’ன்னு.

ஒருநாள் டீச்சர் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாவ. நான் உள்ள கதவைச் சாத்திட்டு ஜெபத்துல இருக்கேன். கிரைண்டர் நின்னுச்சு. என்னடா அதிசயமா நிக்குதேன்னு வெளிய வந்து பாத்தா, இவ கையெல்லாம் மாவோட டீச்சரைத் தாங்கிப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வாறா. அவ்வளவு இரைச்சல்ல இவளுக்கு எப்படிக் கேட்டுச்சுன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. அதைவிடு. டீச்சர் விழுந்ததும் யாரைக் கூப்பிட்டாவ தெரியுமா? ‘புஷ்பம்’னு கூப்பிட்டாவளாம். அவளே சொல்லுதா எங்கிட்ட, ‘யக்கா, புஷ்பம்னு ஒரு சத்தம், எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு’ன்னு. எனக்கும்தான் நடுங்கிச்சு. டீச்சர் விழுந்ததுக்கு இல்ல.

இடுப்புல அடி ஒண்ணும் பெருசா இல்ல, தேறிட்டாவ. ஆனா மகன் ஜாய்சன் பெங்களூர்ல இருந்து வந்துட்டான். அம்மாவைத் தனியா விடக் கூடாது, இந்த வளவை இடிச்சு அடுக்குமாடியா கட்டணும்னு அவனுக்கு ரொம்ப நாளா எண்ணம். அடுத்த மாசமே எங்க ரெண்டு பேருக்கும் வக்கீல் நோட்டீஸ். இப்ப உனக்கும் எனக்கும் வந்திருக்கே, அதே மாதிரி.

நான் அழுதேன். நீ இப்ப அழுதியே, அதே மாதிரிதான் அழுதேன். அவ அழல. சாயங்காலமா எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கா. ‘யக்கா, சட்ட உதவி மையத்துக்குப் போயிட்டு வந்தேன். அங்க ஒரு வக்கீலம்மா, சின்னப் பிள்ளைதான், எல்லாத்தையும் வெவரமாச் சொல்லிச்சு. நோட்டீஸ் வந்துட்டுன்னா உடனே போகணும்னு இல்லியாம்க்கா. அது வெறும் தகவல்தானாம். போகச் சொல்லுற அதிகாரம் கோர்ட்டுக்குத்தான் உண்டாம். நியாயமான காரணம் காட்டி, கேஸ் போட்டு, அங்க உத்தரவு வாங்கினாத்தான் நம்மளை வெளியேத்த முடியும்’னா.

‘உனக்கு எல்லாம் தெரியுமோ?’ன்னேன்.

‘எனக்கு என்னக்கா தெரியும், அந்தப் பிள்ளைதான் சொல்லிச்சு. வாடகையை மட்டும் மாசா மாசம் குடுத்துரணுமாம். வாங்க மாட்டேன்னா மணியார்டர் அனுப்பணுமாம். தண்ணியையோ கரண்டையோ நிறுத்தினா அதுக்குத் தனியாப் புகார் குடுக்கலாமாம். யக்கா, ரெண்டு குடித்தனமும் சேர்ந்து நின்னா நல்லதுன்னு சொல்லிச்சு. நாளைக்கு நீங்களும் வாங்க. வயசுல பெரியவுக, நீங்க பேசினா மதிப்பா இருக்கும்.’

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டியா? தேன் தடவுதா. எங்க குடும்பத்துல யாரும் கோர்ட்டு வாசலை மிதிச்சது இல்லம்மா, நான் ஆண்டவர் பாதத்துல வச்சுட்டேன், அவர் பாத்துக்கிடுவார்னு சொல்லி அனுப்பிட்டேன். போகும்போது திரும்பிப் பாத்துச் சொல்லுதா, ‘சரிக்கா, வராட்டியும் பரவாயில்ல. சாவியை மட்டும் யார் கேட்டாலும் குடுத்துராதீய. சாவியைக் குடுத்துட்டா நீங்களா விட்டுட்டுப் போனதா ஆயிரும்’னு.

எனக்குப் புத்தி சொல்லுதா! அவ பிறக்கும்போது அந்த வளவுல நான்...

சரி, அப்ப நான் இல்ல. ஆனா அவ வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே இருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஜாய்சன் தம்பி எங்க வீட்டுக்கு வந்தான். நான் தூக்கி வளத்த பிள்ளை. மஸ்கோத் அல்வா ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்து, தரையில சம்மணம் போட்டு உக்காந்தான். ‘ஆன்ட்டி, நீங்க எங்களுக்கு அந்நியம் இல்ல. உங்களை எப்படி நான் வெளிய அனுப்புவேன்? ஒரு சும்மா பேருக்குத்தான் ரெண்டு பேருக்கும் அனுப்பினது. நீங்க முதல்ல கிளம்பிருங்க. உங்களைப் பாத்து அவங்களும் கிளம்பிருவாங்க. வேலை முடிஞ்சதும் கீழ் வீடு உங்களுக்குத்தான். அம்மாவுக்கும் உங்களை விட்டா யார் இருக்கா?’

இவ்வளவும் சொன்னான். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ‘அப்ப புஷ்பத்துக்கு, தம்பி?’

‘அவங்களுக்கு அங்க இடம் கிடையாது ஆன்ட்டி.’

அந்த அல்வா என்னா இனிப்பு இருந்துச்சுங்கே!

எழுதி வாங்கலையான்னு கேக்கியா? நீயும் என் மகளை மாதிரியே கேக்கே. அவ ஓசூர்ல இருந்து போன்ல கத்துதா, ‘எம்மா, புஷ்பக்கா சொல்லுறதைக் கேளு, அவங்ககூடப் போ’ன்னு. பெத்த மகளுக்கே புஷ்பக்கா! டீச்சர் மகன்கிட்ட நான் எழுதி வாங்குவேனாட்டி? தினமும் அந்த வீட்டுல உக்காந்து ஜெபம் பண்ணினவ நான்.

கிளம்பிட்டேன். தற்காலிகமாத்தானேன்னு இந்த மாடி வீட்டைப் பிடிச்சேன். மூட்டு வலிக்கு மாடி ஆகாதுதான், ஆனா நாலஞ்சு மாசம்தானே? சுவர்ல தொங்கின வேத வசனப் பலகையைக்கூட எடுக்கல. திரும்பி வரப் போறோம், எதுக்கு ஆணியைப் பிடுங்கணும்னு விட்டுட்டேன். லோடு ஏத்தினது யாரு ஆட்டோவுலங்கே? அவ புருஷன் ஆட்டோவுலதான். அவ பாத்திரத்தை எல்லாம் துணி சுத்தி சுத்தி வைக்கா. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு. சின்ன வெங்காயம் உரிச்சிருப்பான்னு நினைச்சேன்.

டீச்சர் வீட்டு முன் ரூம்ல எல்லாரும் நின்னாவ. நான் சாவியை உள்ளங்கையில வச்சு ஜெபம் பண்ணினேன். இந்த வீட்டை ஆசீர்வதியும், இதுல வாழ்ந்த நாளுக்கு ஸ்தோத்திரம், திரும்ப எங்களை இங்க கூட்டிச் சேரும்னு. ஆமென்னு சொல்லி ஜாய்சன் கையில சாவியைக் குடுத்தேன். அவனும் ஆமென்னு சொன்னான். கண்ணைத் தொறந்து பாக்கேன், புஷ்பம் வாசல்ல நிக்கா. என்னைப் பாக்கல, சாவியையே பாக்கா. அவளுக்கு வயிறு எரியுதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னும் ஒரு மாசத்துல நீயும் இப்படித்தான் குடுக்கணும், ஆனா உனக்குத் திரும்பி வர வழி இல்லன்னு மனசுக்குள்ள நினைச்சேன். அப்புறம் அவளுக்காகவும் ஒரு ஜெபம் பண்ணினேன். அவளுக்கு நல்ல வீடு கிடைக்கணும். சொந்த வீடாவே கிடைக்கட்டும். தென்காசிப் பக்கம்.

சிரிக்கியா? சிரி. அழுததுக்குச் சிரிக்கது தேவலாம்.

அவ போகல.

ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, அவ போகல. ஜாய்சன் வாடகையை வாங்கல, இவ மணியார்டர்ல அனுப்பினா. மோட்டாரை நிறுத்தி வச்சான், இவ புகார் குடுத்து உத்தரவு வாங்கினா, மறுபடியும் தண்ணி வந்துட்டு. அவன் கேஸ் போட்டான். இடிக்கப் போறேன்னு சொன்னவன்கிட்ட, இடிச்சுக் கட்ட அனுமதி வாங்கினியா, பிளான் எங்கன்னு கோர்ட்டுல கேட்டாவளாம். ஒண்ணும் இல்ல. கடைசியில அவன் கேஸை வாபஸ் வாங்கிட்டு பெங்களூருக்கே போயிட்டான். அவ புது வாடகை ஒப்பந்தம் எழுதி, பதிவும் பண்ணிட்டு, அதே கிரைண்டரை ஓட்டிக்கிட்டு இருக்கா.

என் வீடா? என் வீட்டை ஜாய்சன் போறதுக்கு முன்னாலயே ஒரு கூரியர்க்காரனுக்குச் சாமான் அடுக்க விட்டுட்டுப் போயிட்டான். என் மகளுக்குத் தொட்டில் கட்டின உத்திரத்துக்குக் கீழ இப்ப அட்டைப்பெட்டி அடுக்கியிருக்காவ.

ஒருநாள் மனசு கேக்காம டீச்சரைப் பாக்கப் போனேன். ‘டீச்சர், ஜாய்சன் எனக்கு வாக்குக் குடுத்தானே’ன்னேன். டீச்சருக்கு வயசாயிட்டுல்லா, அவங்க சொன்னாவ, ‘நீயாத்தானே போன, பாக்கியசீலி? நான் போகச் சொல்லலையே. நீ போனப்போ ரெண்டு நாளு எனக்குச் சாப்பாடு இறங்கல. இவ போகாம இருந்தாளே, இருந்துட்டா’ன்னாவ.

அந்த வக்கீலம்மாப் பிள்ளையும் அன்னைக்கு அங்கதான் இருந்துச்சு, மாவு வாங்க வந்திருக்கு. புஷ்பம் என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, ‘இவங்களுக்கு ஏதாவது பண்ண முடியுமா பாருங்க மேடம்’ங்கா. நான் கேட்டேனா? நான் கேக்கவே இல்ல. அந்தப் பிள்ளை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுச்சு. ‘உங்களைப் பூட்டை உடைச்சு வெளியேத்தியிருந்தா அன்னைக்கே திரும்ப உள்ள கொண்டு வந்திருக்கலாம்மா. மிரட்டி அனுப்பியிருந்தாலும் கேக்கலாம். நீங்களே சாவியைக் கையில குடுத்துட்டீங்களே, அதுவும் ஜெபம் பண்ணி. திரும்பத் தாரேன்னு சொன்னதுக்கு எழுத்து இல்ல, சாட்சியும் இல்ல’ன்னுச்சு.

‘நான் சாட்சி சொல்லுதேன் மேடம்’ங்கா புஷ்பம். ‘திரும்பக் கூட்டிச் சேரும்னு அவுக ஜெபம் பண்ணதை நான் காதால கேட்டேன். அதுக்கு ஜாய்சன் அண்ணன் ஆமென்னு சொன்னாரு.’

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஆமென்னு சொன்னதைக் கோர்ட்டுல காட்ட முடியாதாமே. எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாரு.

வசனப் பலகையை அவதான் ஒருநாள் பஸ் ஏறிக் கொண்டு வந்து குடுத்தா. கண்ணாடி ஓரத்துல அவ விரல் தடம், மாவு. எவ்வளவு துடைச்சும் போகல. அப்பத்தான் அந்தச் சேதியையும் சொன்னா, சந்தோசமாச் சொல்லுதா பாரு. ‘யக்கா, நீங்க போனபிறகு டீச்சர் சாயங்காலம் தனியா உக்காந்திருந்தாவ, பாக்க முடியல. அதான் விளக்கு வைக்கிற நேரம் நான் கிரைண்டரை நிப்பாட்டிட்டுப் போயி உக்காந்துக்கிடுதேன். எனக்குப் பாட்டு எங்க வருது, டீச்சர் பாடுவாவ, நான் சும்மா உம் கொட்டுவேன்.’

பிரம்பு நாற்காலியிலயான்னு கேட்டேன்.

‘ஆமாக்கா, உங்க நாற்காலியிலதான்’ங்கா.

எத்தனை வருஷமா என் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்த கிரைண்டர் அது! நான் ஜெபம் பண்ணும்போது ஒருநாளாவது நிப்பாட்டினாளா? நான் போனபிறகு நிக்குது!

பொறாமை இல்லட்டி இது. வீடு போனா போவுது, வேற வீடு கிடைக்கும். கிடைச்சுச்சுல்லா, இந்தா இருக்கேன். ஆனா அந்த நாற்காலி... நீ சின்னப் பிள்ளை, உனக்குச் சொன்னா விளங்காது. தினமும் எல்லாருக்காகவும் ஜெபிக்கேன். என் பிள்ளைகள், மருமக, பேரப்பிள்ளை, டீச்சர், கோயில்ல பிரசங்கம் பண்ணுற ஐயர், ஏன், உன் பிள்ளைக்குச் சளி பிடிச்சா அதுக்கும் ஜெபிக்கேன். அவ பேர் வரும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கிடுது. ஆண்டவரே அவளையும்னு சொல்லிட்டு நிறுத்திக்கிடுதேன். மிச்சத்தை அவரே நிரப்பிக்கிடட்டும்.

இப்ப நம்ம கதைக்கு வா. நேத்துச் சாயங்காலம் நம்ம வீட்டுக்காரர், கோமதிநாயகம் சார், மேல வந்தாரு. நீ பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேல்லா, அப்ப. ‘அம்மா, நீங்க வயசானவங்க, உங்களுக்கு எதுக்குக் கோர்ட்டும் கேஸும். அடுத்த தெருவுல என் தம்பி வீடு ஒண்ணு கீழ்த்தளம் இருக்கு. படியே கிடையாது. நீங்க முதல்ல சாவியைத் தந்துட்டீங்கன்னா, கீழ இருக்கிற பொண்ணுகிட்ட நான் பேசிக்கிடுதேன்’னாரு.

முகத்தை ஏன் அப்படி வச்சுக்கிட்டே? நான் சரின்னு சொல்லல. சொல்லலைன்னா, ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன். ராத்திரி பண்ணினேன். படி இல்லாத வீடு, மூட்டுக்கு நல்லதுதானேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு, மறைப்பானேன். மொட்டைமாடிச் சாவியை உனக்கு மட்டும் குடுத்திருக்காரே, என் வத்தல் எல்லாம் வராந்தாவுல காயுதேன்னும் ஒரு நினைப்பு வந்துச்சு. அது சும்மா ஒரு நினைப்புதான். காலையில கோயில்ல பிரசங்கம் ஒண்ணும் மண்டையில ஏறல.

உன் போன் அடிக்குதே. எடு. பிள்ளை முழிச்சுரும்.

யாரு, அவளா? ... பேசு, பேசு. எனக்கு என்ன.

கொஞ்சம் தள்ளிப் பிடி, அவ தொண்டைக்கு உன் காது தாங்காது. இங்க வரைக்கும் கேக்குதே!

என்ன சொன்னா இப்ப? கடைசியா ஒண்ணு சொன்னாளே, நீ என்னைப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டியே? சும்மா மழுப்பாத. என் காது நல்லாத்தான் இருக்கு, உன் வாயால கேக்கணும். சொல்லு.

‘மாடியில எங்க பாக்கியக்கா இருக்காவ, அவுகளையும் கையோட கூட்டிட்டு வா. தனியா விட்டுட்டு வந்துராத, பாவம், யாராவது வந்து நல்லபடியாப் பேசினா சாவியைக் குடுத்துருவாவ’ன்னாளா?

பாவமா? நானா பாவம்?

குடுத்துருவேனாமே! ஒருதடவை குடுத்தா ஆயுசுக்கும் குடுத்துக்கிட்டே இருப்பேனோ? அவளுக்கு மட்டும்தான் சட்டம் தெரியுமோ? நோட்டீஸ்ங்கிறது உத்தரவு இல்ல. கோர்ட்டு சொன்னாத்தான் போகணும். வாடகையை மணியார்டர்ல அனுப்பலாம். தண்ணியை நிறுத்தினா புகார் குடுக்கலாம். எல்லாம் எனக்கும் தெரியும், அவளுக்கு முன்னாலயே... சரி, அவ சொல்லித்தான் தெரியும், ஆனா தெரியும்லா? கோமதிநாயகம் சார் சாயங்காலம் வரட்டும். ஆண்டவர் வேண்டாம்னுட்டாருன்னு சொல்லிருதேன். எங்கிட்ட அவர் அப்படிச் சொன்னாரான்னு கேக்காத. இப்பச் சொல்லுதார்.

அவ எத்தனை மணிக்கு வாராளாம் கோர்ட்டு வாசலுக்கு?

பத்து மணிக்கா?

அப்ப நாம ஒன்பதரைக்கே போயிருவோம். நீ பிள்ளைக்குப் பாலைக் காய்ச்சி எடுத்துக்க, நான் இட்லி அவிச்சுக் கொண்டு வாரேன். ரெண்டு நோட்டீஸையும் ஒண்ணா என் பையில வச்சிரு. அந்த வக்கீலம்மாப் பிள்ளைகிட்ட முதல்ல நான்தான் பேசுவேன், சொல்லிட்டேன். புஷ்பம் வரும்போது நாம ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருக்கணும். அவ வந்து பாக்கணும், பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கணும்.

வந்து உக்காரட்டும்.